அடுத்த வீட்டு நடை

செலினுக்குப் பழைய வைஃபை பெட்டி வேண்டியிருந்தது. புதியது வீட்டில் இல்லாமல் இல்லை. மூன்று வருடங்களுக்கு முன் காப்பீட்டு நிறுவனமே இலவசமாகக் கொடுத்து, ஆள் அனுப்பி, கூடத்தில் ஒன்று, படுக்கையறையில் ஒன்று, சமையலறை வாசலில் ஒன்று என்று மாட்டிவிட்டுப் போன மெஷ் பெட்டிகள் மூன்றும் ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றைக் கழற்றிவிட்டு ஏழெட்டு வருடத்துப் பழசை மாட்ட வேண்டும் என்றுதான் அவள் சிங்காரத்தோப்புக் கடைத்தெருவுக்கு வந்திருந்தாள்.

கடை வைத்திருந்தவள் பெயர் ரஹ்மத்துன்னிசா. நாற்பது வயது இருக்கும். முன்பு அவளே ஒரு நெட்வொர்க் கம்பெனியில் வீடு வீடாகப் போய்ப் பெட்டி மாட்டியவள். இப்போது பிறர் கழற்றிப் போட்டதை வாங்கிச் சரிபண்ணி விற்கிறாள்.

"மெஷ் செட்டாக்கா? எந்த வருஷத்து மாடல் பாக்குறீங்க?"

"பழசா இருந்தாப் போதும்."

"பழசுன்னா?"

செலின் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"நடை கேக்காததா வேணும். அதான?" என்றாள் ரஹ்மத், குரலைக் கொஞ்சம் தாழ்த்தி. "இதுல ஒண்ணும் இல்லக்கா. இந்த மாசத்துல நீங்க நாலாவது ஆளு. வீட்ல யாரு டிரைவரு?"

"வீட்டுக்காரரு. காலேஜ் பஸ் ஓட்றாரு."

ரஹ்மத் உள்ளே போய் ஓர் அட்டைப்பெட்டியோடு வந்தாள். மூன்று வெள்ளைப் பெட்டிகள். வெயில் பட்டு ஒன்று மட்டும் பழுப்பேறியிருந்தது. ஒவ்வொன்றாகச் செருகி விளக்கு எரிகிறதா என்று பார்த்து, சேலையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி அடியில் இருந்த சின்னத் துளையில் அழுத்திப் பிடித்தாள்.

"முன்னாடி வச்சிருந்தவங்க கணக்கெல்லாம் அழிஞ்சிரும். இதுக்கு இனிமே அப்டேட் எதுவும் வராது. வேகமும் கொஞ்சம் கம்மிதான். ஆனா இதுக்குக் காது கிடையாது."

"புதுசு எப்படிக் கேக்குது? எனக்கு அதுதான் வெளங்கவே இல்ல."

"தொட்டித் தண்ணியில கைய விட்டா அலை வரும்ல. கை எப்படி அசையுதோ அப்படி அலை வரும். வீடு பூரா இந்த வைஃபை அலை நெறைஞ்சுதான் இருக்கு. நம்ம நடந்தா அது கலங்கும். ஒவ்வொருத்தர் நடைக்கும் ஒவ்வொரு மாதிரி. யாரு காலை இழுக்குறாங்க, யாரு கை வீசல, எல்லாம் அதுல தெரியும். டாக்டருக்குத் தெரியறதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே பெட்டிக்குத் தெரியும்னு சொல்றாங்க."

"இதக் கழட்டிட்டா கம்பெனிக்காரன் ஒண்ணும் கேக்க மாட்டானா?"

"கேக்க முடியாதுக்கா. வேணாம்னு திருப்பிக் குடுக்க நமக்கு உரிமை இருக்கு. குடுத்துட்டா பழைய ரெக்கார்டையும் அழிச்சிரணும், சட்டம் அப்படி. அண்ணன் மட்டும் ஆறு மாசத்துக்கு ஒருக்கா கிளினிக்ல போயி பத்து நிமிஷம் நடந்து காட்டணும்."

பத்து நிமிடம் என்றால் அமலநாதனால் நன்றாக நடக்க முடியும் என்று செலின் நினைத்தாள்.

அவள் அதைக் கவனித்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது யாரோ பேச்சுக் கொடுத்ததால் அவள் பின்தங்கிவிட்டாள். கணவன் முன்னால் போய்க்கொண்டிருந்தார். இடது கை முன்னும் பின்னும் வீசியது. வலது கை பை தூக்கியதுபோல் அப்படியே தொங்கியது. கையில் பை இல்லை. வலது செருப்பு மட்டும் தரையைத் தேய்த்துக்கொண்டு போயிற்று. இருபத்தெட்டு வருடம் வண்டி ஓட்டியவர். வண்டியைப் பறித்துவிட்டால் அவரிடம் என்ன மிஞ்சும் என்று அன்றைக்கு அவளுக்குப் பயமாக இருந்தது. போன வாரம் காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து அவளுடைய கைபேசிக்கு மஞ்சள் குறியோடு செய்தி வந்தது: அமலநாதன், நடையில் மாற்றம், கவனிக்க. இரண்டாவது தடவை வந்தால் அது நேராகக் கல்லூரிக்குப் போகும்.

பழைய செட்டை வாங்கி வந்து அன்று மாலைக்குள் அவளே மாட்டிவிட்டாள். அமலநாதன் ஐந்தே முக்காலுக்கு வந்து, கைகால் கழுவிக்கொண்டு, சுவரைப் பார்த்தார்.

"என்ன செலினு, பெட்டி மாறியிருக்கு?"

"பெட்ரூம்ல சிக்னல் எட்ட மாட்டேங்குதுங்க. எனக்கு வேலை ஓடல. பழசுதான் நல்லா எட்டுமாம்."

அவர் சற்று நேரம் பழுப்பேறிய பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "எட்டுனா சரி" என்று சொல்லிவிட்டுத் தேநீருக்கு உட்கார்ந்தார்.

சொன்னதில் பாதி உண்மை. செலின் வீட்டிலிருந்துதான் வேலை பார்த்தாள். நீதிமன்ற விசாரணைகளை இயந்திரம் கேட்டு எழுதும். அதில் இருக்கும் தவறுகளைத் திருத்துவது அவள் வேலை. எழுத்துப்பிழையை இயந்திரம் விட்டு வெகுகாலம் ஆயிற்று. இப்போது அது செய்வதெல்லாம் ஆள் மாறாட்டம்தான். இரண்டு பேர் குரல் ஒத்துப்போனால் ஒருவர் சொன்னதை இன்னொருவர் வாயில் போட்டுவிடும்.

ஏழு வாரம் நிம்மதியாகப் போயிற்று.

அவர்கள் குடியிருந்தது இரண்டாவது மாடி. ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டு அடுத்த வீட்டில் பரணிதரனும் அவன் மனைவி கலையரசியும் இருந்தார்கள். பரணிதரன் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆம்புலன்ஸ் ஓட்டினான். இரவு முழுக்க வேலை. காலையில் வந்து மூன்று மணி வரை தூங்குவான். அமலநாதனுக்குக் காலை ஒரு டிரிப், மாலை ஒரு டிரிப். நடுவில் பத்தரையிலிருந்து மூன்று வரை வீட்டில் இருப்பார். சும்மா உட்கார மாட்டார். கூடத்துக்கும் அடுக்களைக்குமாக நடந்துகொண்டே இருப்பார்.

ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு, அமலநாதன் வேலையில் இருந்தபோது, பரணிதரன் கதவைத் தட்டினான். தூங்கவேண்டிய நேரத்தில் முகம் சவரம் செய்யாமல் நின்றான். கையில் கைபேசி.

"அக்கா, ஒரு ரெண்டு நிமிஷம் வெளிய வர்றீங்களா?"

"என்ன தம்பி, கலைக்கு ஒண்ணும் இல்லியே?"

"அவ நல்லாருக்கா. என்னைய வேலைய விட்டு நிறுத்தி வச்சிருக்காங்க. பத்து நாளாச்சு. வீட்டுப் பெட்டி என் நடை சரியில்லன்னு சொல்லியிருக்கு. வலது கை வீசலயாம். வலது கால் இழுக்குதாம்."

செலினுக்குப் பூசை முடிந்து வந்த வழியும் கணவனின் வீசாத வலது கையும் ஞாபகம் வந்தன.

"டாக்டர பாத்தீங்களா?"

"ரெண்டு பேரப் பாத்துட்டேன். ஒண்ணுமில்லன்னுதான் சொல்றாங்க. அதக் கொண்டுபோயி இன்சூரன்ஸ்ல குடுத்தா, டாக்டர் முன்னாடி பத்து நிமிஷம் எல்லாரும் நல்லாத்தான் நடப்பாங்க, வீட்ல நாப்பது நாள் நடந்தத நாங்க பாத்திருக்கோம்ங்குறாங்க. கலையக் கேட்டா அழுவுறா. அவ சொல்றத நம்பவும் முடியல. நீங்க வெளியாளு, நீங்க பாத்துச் சொல்லுங்கக்கா. நான் நடக்குறேன். ஏதாச்சும் வித்தியாசமாத் தெரியுதா?"

மாடி நடைபாதையில் அவன் நடந்தான். மாடிப்படி வரை போய்த் திரும்பி வந்தான். முப்பத்திரண்டு வயது, நல்ல உயரம், ஏறக்குறைய அமலநாதனின் உடல்வாகுதான். முதல் சுற்றில் அவன் நடையில் ஒரு குறையும் இல்லை. இரண்டாவது சுற்றில் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டே நடந்தான். பார்க்கப் பார்க்க அந்தக் கை விறைத்தது. மூன்றாவது சுற்றில் எந்தக் காலை எப்போது எடுத்து வைப்பது என்று அவனுக்கே குழம்பி, ஒருமுறை தடுக்கி, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

"பாத்தீங்களா?" என்றான், மூச்சு வாங்க. "இப்ப இழுத்துச்சுல்ல?"

"இல்ல தம்பி. நல்லாத்தான் நடக்குறீங்க."

"உண்மையாத்தான் சொல்றீங்களா?"

"உண்மையாத்தான்."

அவள் உள்ளே வந்து கதவைச் சாத்தி, கூடத்தில் நின்று அந்தப் பொதுச்சுவரைப் பார்த்தாள். அன்றைக்குத் திருத்த வேண்டிய விசாரணையில் இரண்டு பக்கத்துக்கு மேல் அவளுக்கு ஓடவில்லை. மதியத்துக்கு முன்பே பேருந்து பிடித்து சிங்காரத்தோப்புக்குப் போனாள்.

ரஹ்மத் முழுவதையும் கேட்டுவிட்டு, கையில் இருந்த திருப்புளியைக் கீழே வைத்தாள்.

"உங்களுக்கும் அவங்களுக்கும் நடுவுல ஒத்தைச் செங்கல் சுவரா?"

"ஆமா."

"அப்ப அதான். அலை சுவரோட நிக்காதுக்கா. முன்னாடி உங்க வீட்லயும் புதுசு இருந்துச்சு. ரெண்டு வீட்டுப் பெட்டியும் தங்களுக்குள்ள பேசி, இது உன் ஆளு, இது என் ஆளுன்னு பிரிச்சுக்கிடும். இப்ப உங்க பக்கம் சொல்றதுக்கு ஆளில்ல. அண்ணன் நடக்குறது அங்க கேக்குது. அந்தப் பையனோட போனும் அந்த நேரத்துல வீட்லதான் இருக்கு. நடக்குறது அவன்தான்னு அது முடிவு பண்ணிருச்சு."

"அவன் தூங்கிட்டுல்ல இருக்கான்?"

"அசையாம கெடக்குறவங்கள அது ஆளாவே எடுத்துக்காது."

செலின் முக்காலியில் உட்கார்ந்தாள்.

"எனக்கு இது தோணியிருக்கணும்," என்றாள் ரஹ்மத். "தனி வீடா, சேந்த வீடான்னு நான் கேட்டிருக்கணும். கேக்கல. இதுக்கு முன்னாடி வாங்கிட்டுப் போன மூணு பேரு வீட்டுக்குப் பக்கத்துலயும் இப்ப யாரு மாட்டிக்கிட்டிருக்காங்களோ தெரியல."

"இத எப்படி மாத்துறது?"

"லேசுதான்க்கா. அந்த வீட்டுக்குள்ள ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கொஞ்ச நேரம் சேந்து நடக்கணும். ரெண்டு பேருன்னு தெரிஞ்சதும் இத்தன நாள் எழுதுனத அதுவே பிரிச்சுரும். ஆனா அதுக்கு அண்ணன் அங்க போயி நடக்கணும். அப்புறம் அந்த நடை யாரு நடைன்னு ஊருக்கே தெரிஞ்சிரும்."

நான்கு நாள் செலின் ஒன்றும் செய்யவில்லை. செய்ய வேண்டும் என்று தினமும் காலையில் எழுந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் பரணிதரன் இப்போது பகலில் தூங்குவதில்லை. வேலை இல்லாததால் இரவெல்லாம் தூங்குகிறானோ, அல்லது தூங்குவதே இல்லையோ. மாடி நடைபாதையில் அவன் நடந்து பழகும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தில் ஒரு செருப்பு லேசாகத் தேயத் தொடங்கியிருந்தது. பயத்தில் அவன் நடையே மாறிக்கொண்டிருந்தது. அமலநாதன் இரண்டு தடவை, "பாவம் அந்தத் தம்பி, இந்த வயசுலயே" என்றார். அவள் தட்டைப் பார்த்துச் சோறு பிசைந்தாள்.

ஐந்தாம் நாள் மதியச் சாப்பாட்டின்போது சொல்லிவிட்டாள். கோயிலிலிருந்து வந்த அன்று பார்த்தது, மஞ்சள் குறி, ரஹ்மத் கடை, சுவர், எல்லாவற்றையும் ஒரே மூச்சில். சொல்லி முடித்தபோது அமலநாதன் சாப்பிடுவதை நிறுத்தியிருந்தார்.

"உங்க வேலை போயிரும். எனக்குத் தெரியும்," என்றாள். "அந்தப் புள்ள வேலைய நம்ம எடுத்து வச்சுக்க முடியாதுங்க."

அவர் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார நேரம் எடுத்துக்கொண்டார்.

"செலினு, நான் இப்ப வண்டி ஓட்றதில்ல."

அவளுக்கு முதலில் புரியவில்லை. அன்று காலைகூடக் காக்கிச் சட்டையைத் தேய்த்துக் கொடுத்திருந்தாள்.

"மன்னார்புரம் ரவுண்டானாகிட்ட ஒரு ஸ்கூட்டர்க்காரப் பொண்ணு குறுக்க வந்துச்சு. பிரேக்க அமுத்தணும்னு மனசுக்குத் தெரியுது. கால் போய்ச் சேர ஒரு கணம் ஆச்சு. யாருக்கும் ஒண்ணும் ஆகல. வண்டியில அம்பத்திரண்டு புள்ளைங்க. அதுங்களுக்கு ஒண்ணும் தெரியல, பாட்டு கேட்டுக்கிட்டு வந்துச்சுங்க. எனக்குத்தான் கை ஸ்டியரிங்க விட்டு வர மாட்டேனுச்சு. சாயங்காலம் டிரிப்ப முடிச்சிட்டு இன்சார்ஜ்கிட்ட போயி சாவிய மேசை மேல வச்சுட்டேன். விவரத்தையும் சொன்னேன். அவரு நல்ல மனுசன். அதே வண்டியில படிக்கட்டுகிட்ட உக்காந்து புள்ளைங்கள ஏத்தி எறக்குற வேலை குடுத்திருக்காரு. ஓட்றது வேற ஆளு."

"எப்ப இது?"

"நீ பெட்டி மாத்துனியே, அதுக்கு முந்தின வெள்ளிக்கிழமை."

செலின் எதிர்ச்சுவரில் இருந்த வெள்ளைப் பெட்டியைப் பார்த்தாள். அதன் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லத்தான் இருந்தேன். நீ மாத்துன அன்னிக்கு வந்து பாத்தா சுவத்துல பழைய பெட்டி. சிக்னல் எட்டலன்னு நீ சொன்ன. உனக்கும் தெரிஞ்சிருச்சுன்னு புரிஞ்சுது. எனக்காக இவ்வளவு தூரம் யோசிச்சுச் செஞ்சிருக்க. அதுக்கு அவசியமே இல்லன்னு எந்த வாயால சொல்றது? நாளைக்குச் சொல்லிக்கலாம், நாளைக்குச் சொல்லிக்கலாம்னே போச்சு." அவர் பொதுச்சுவரின் பக்கம் திரும்பினார். "அந்தத் தம்பிக்கும் என்னைய மாதிரியேன்னு நெனச்சேன் செலினு. ஒரு நாள் போயி உக்காந்து பேசி ஆறுதல் சொல்லணும்னுகூட இருந்தேன்."

ஏழு வாரமாக அவள் காப்பாற்றிக்கொண்டிருந்த வேலை, காப்பாற்றத் தொடங்குவதற்கு முன்பே போயிருந்தது. அதற்காகப் பக்கத்து வீட்டில் ஒருவன் தன் கால்களை நம்பாமல் ஆகிவிட்டான்.

"எந்திரி," என்றார் அமலநாதன். "மூணு மணிக்கு நான் வண்டிக்குப் போகணும். அதுக்குள்ள போயிட்டு வந்துருவோம்."

கலையரசி கதவைத் திறந்தாள். பரணிதரன் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். செலின் பேச வாயெடுத்தபோது அமலநாதன் கையமர்த்தினார். அவரே சொன்னார். தன் நோய், பெட்டி, சுவர், தப்பு யாருடையது என்பது, எதையும் மழுப்பவில்லை. வண்டி ஓட்டுவதை விட்டுவிட்டதையும் சொன்னார். பேசும்போது வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தார்.

பரணிதரன் கோபப்படுவான் என்று செலின் எதிர்பார்த்தாள். கோபப்பட்டால் தேவலாம் என்றுகூட நினைத்தாள். அவன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அப்ப எனக்கு ஒண்ணும் இல்லையாண்ணே?"

"ஒண்ணும் இல்ல தம்பி."

அவன் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான். கலையரசி அவன் பக்கத்தில் போய் உட்காரவில்லை. நின்ற இடத்திலேயே நின்று செலினைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு இரண்டு பேரும் நடந்தார்கள். நாற்காலிகளை ஓரமாக ஒதுக்கியதும் கூடம் பதினைந்தடி நீளம் இருந்தது. ஜன்னலிலிருந்து அடுக்களை வாசல் வரை, பிறகு திரும்பி ஜன்னல் வரை. அமலநாதனின் வலது பாதம் மொசைக் தரையில் தேய்ந்தது. பரணிதரன் அவருக்குப் பக்கத்தில், அவர் வேகத்துக்கு, தன் கால்களைக் குனிந்து பார்த்தபடியே நடந்தான்.

"கீழ பாக்காதய்யா," என்றார் அமலநாதன் நடந்துகொண்டே. "வண்டியில உக்காந்தா டயரையா பாப்ப? ரோட்டப் பாரு."

கலையரசி கைபேசியைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். திரையில் 'நடப்பவர்: 1' என்றே வெகுநேரம் இருந்தது. எட்டாவது சுற்றோ ஒன்பதாவது சுற்றோ, அது அழிந்து 2 என்று வந்தது. அவள் யாரிடமும் சொல்லாமல் இன்னும் இரண்டு சுற்று அவர்களை நடக்கவிட்டாள்.

"அக்கா," என்றாள் திரையை விட்டுக் கண்ணெடுக்காமல். "அவரு உங்க முன்னாடி நடந்து காட்டுனாரே, திங்கக்கிழமை. அன்னிக்கே உங்களுக்குத் தெரியுமா?"

செலின் பொய் சொல்லியிருக்கலாம். கடைக்குப் போய்க் கேட்ட பிறகுதான் தெரியும் என்று சொன்னால் அதில் பெரிய தவறும் இல்லை.

"தெரியும்," என்றாள்.

"இன்னிக்கு சனிக்கிழமை."

"ஆமா கலை."

கலையரசி திரையை அணைத்துவிட்டு உள்ளே போனாள்.

பதினோரு நாள் கழித்து மருத்துவமனை பரணிதரனை மறுபடி வேலைக்குக் கூப்பிட்டது. தவறுக்கு வருந்துவதாக ஒரு வரி வந்ததாம். யாருடைய தவறு என்று அதில் இல்லை. செலின் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதிப் புதிய பெட்டிகளைத் திரும்ப வாங்கி மாட்டிவிட்டாள். அமலநாதன் மாத்திரை சாப்பிடத் தொடங்கினார். கலையரசி மாடிப்படியில் எதிர்ப்பட்டால் அவரிடம் உடம்பு எப்படி இருக்கிறது என்று நின்று கேட்கிறாள். செலினைக் கண்டால் ஒதுங்கி வழிவிடுகிறாள். ரஹ்மத் கடையை ஒரு வாரம் பூட்டிவிட்டு, பழைய செட் வாங்கிப்போன மற்ற மூன்று வீடுகளையும் தேடிப் போனாளாம். இரண்டு வீடுகள் கிடைத்தன. அவற்றில் ஒன்றில் கதவைத் திறக்கவே இல்லை.

பரணிதரன் மறுபடி வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் மாலை ஐந்து மணிக்கு, மாடிக் கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் நின்று துணி மடித்துக்கொண்டிருந்த செலின், அவன் கீழே முற்றத்தைக் கடந்து போவதைப் பார்த்தாள். வெள்ளைச் சீருடை, தோளில் சாப்பாட்டுப் பை. நிமிர்ந்து, நேராகப் பார்த்து, இரண்டு கையும் வீசி நன்றாகவே நடந்து போனான். வெளிக்கதவு வரை அப்படித்தான் போனான். கதவைத் திறக்கும் முன் ஒருமுறை நின்றான். யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்த்துவிட்டு, குனிந்து தன் வலது காலைப் பார்த்தான்.

செலின் சட்டென்று உள்ளே நகர்ந்துகொண்டாள்.